இரண்டு கையில் ஆயுதம், எறியும் ஆயுதம்: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் சண்டை விதிகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. புதிதாக மேசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கொண்டுவரும் கதாபாத்திரத்துக்கு ஒன்று இரண்டு கையிலும் வாள் இருக்கும், அல்லது இடுப்பு நிறைய எறிகத்தி இருக்கும். முதல் சண்டை தொடங்கியதும் அதே சந்தேகங்கள் வரும். டி.எம். (ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர்) ஆக உட்கார்ந்து பல வருடங்களாகப் பதில் சொல்லிச் சொல்லிப் பழகியவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இங்கே சொல்வது எல்லாம் ஐந்தாம் பதிப்பு. அதிலும் இரண்டு பிளேயர்ஸ் ஹேண்ட்புக் புழக்கத்தில் இருக்கின்றன: 2014-இல் வந்தது, 2024-இல் வந்தது. சச்சரவில் பெரும்பாலானவை ஒருவர் பழைய புத்தகத்தையும் இன்னொருவர் புதிய புத்தகத்தையும் மனதில் வைத்துப் பேசுவதால் வருபவை. ஆகவே விளையாடத் தொடங்கும் முன்பே எந்தப் புத்தகம் என்று மேசையில் கேட்டுவிடுங்கள். அப்புறம் ஒரு குறிப்பு: டி6 என்றால் ஆறு பக்கப் பகடை, 2டி6 என்றால் அதில் இரண்டு.

ரெண்டு கையிலும் கத்தி வச்சிருக்கேன். அப்போ எனக்கு ரெண்டு அட்டாக் தானே?

இரண்டு கிடைக்கும், ஆனால் சும்மா கிடைக்காது. உங்கள் டர்னில் (சண்டையில் உங்கள் முறையில்) அட்டாக் ஆக்‌ஷன் எடுத்து ஒரு லைட் (இலகுவானது என்று பட்டியலில் குறித்த) ஆயுதத்தால் தாக்கினால், அதே டர்னில் முதன்மைச் செயலுக்கு மேல் கிடைக்கும் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷனைச் செலவழித்து வேறொரு லைட் ஆயுதத்தால் இன்னொரு முறை தாக்கலாம். பழைய புத்தகத்தில் இரண்டுமே கைச்சண்டை ஆயுதமாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கையில் இருக்க வேண்டும்.

இதில் விலை அந்தப் போனஸ் ஆக்‌ஷன்தான். ஒரு டர்னில் அது ஒன்றே ஒன்றுதான். ரோக் வகைக் கதாபாத்திரம் ஓடி ஒளிவதற்கும் அதுவே வேண்டும், ரேஞ்சர் வகைக் கதாபாத்திரம் ஹன்டர்ஸ் மார்க் (எதிரியைக் குறிவைத்துக் கூடுதல் டேமேஜ் செய்யும் மந்திரம்) போடுவதற்கும் அதுவே வேண்டும். இரண்டு கத்தி எடுக்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: உங்கள் போனஸ் ஆக்‌ஷனுக்கு வேறு வேலை இருக்கிறதா? பதில் 'ஆமாம், தினமும்' என்றால் இரண்டாவது கத்தி பெரும்பாலான நேரம் கையில் சும்மாவே இருக்கும்.

என் லாங்ஸ்வேர்டை ஒரே கையில பிடிக்கலாமே, அது லைட் இல்லையா?

இல்லை. ஒரு கையில் பிடிக்க முடிவது வேறு, லைட் என்பது வேறு. ஆயுதப் பட்டியலில் லைட் என்ற சொல் அந்த ஆயுதத்தின் வரியில் அச்சாகியிருக்க வேண்டும். டேக்கர் (சிறு கத்தி), ஹேண்ட்ஆக்ஸ் (கைக்கோடாலி), லைட் ஹாமர், கிளப் (தடி), சிக்கிள் (அரிவாள்), ஷார்ட்ஸ்வேர்ட் (குறுவாள்), சிமிட்டார் (வளைந்த வாள்) ஆகியவை லைட். லாங்ஸ்வேர்ட், ரேபியர், பேட்டில்ஆக்ஸ், ஸ்பியர் (ஈட்டி), ஜாவலின் (எறியீட்டி) இவை லைட் அல்ல.

டுயல் வீல்டர் என்ற ஃபீட் (கதாபாத்திரத்துக்குத் தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறன்) எடுத்தால் இந்தக் கட்டு தளரும். பழைய புத்தகத்தில் அந்த ஃபீட் இருந்தால் லைட் இல்லாத ஒற்றைக்கை ஆயுதங்கள் இரண்டையும் வைத்துச் சண்டையிடலாம், ஆர்மர் கிளாஸும் (உங்களைத் தாக்க எதிரியின் உருட்டல் எட்ட வேண்டிய எண்) 1 கூடும். புதிய புத்தகத்தில் அதே பெயரில் வேறொரு பொருள் இருக்கிறது. அதை நிக் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

ரெண்டாவது தாக்குதல்ல டேமேஜ் ஏன் இவ்வளவு கம்மியா வருது?

போனஸ் ஆக்‌ஷனில் வரும் அந்தக் கூடுதல் தாக்குதலின் டேமேஜில் உங்கள் ஸ்ட்ரெங்த் (வலிமை) அல்லது டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) மாடிஃபையரை, அதாவது அந்தத் திறனுக்கான கூட்டு எண்ணை, சேர்க்கக் கூடாது. பகடையில் விழுந்த எண் மட்டும்தான். மாடிஃபையர் மைனஸாக இருந்தால் மட்டும் கழித்துக்கொள்ள வேண்டும். தாக்குதல் படுகிறதா என்று உருட்டும் டி20-யில் மாடிஃபையர் வழக்கம்போலச் சேரும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, படவேண்டிய தாக்குதலைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டூ-வெப்பன் ஃபைட்டிங் என்ற ஃபைட்டிங் ஸ்டைலை (சண்டைப் பாணியை) எடுத்தால் டேமேஜிலும் மாடிஃபையர் சேரும். இரண்டு கையால் சண்டையிடுவதுதான் உங்கள் ஃபைட்டரின் அடையாளம் என்றால் இதை எடுக்காமல் விடாதீர்கள்.

பேசாம கிரேட்ஸ்வேர்ட் எடுத்துடலாமே? ரெண்டு கத்தி வீண்னு எல்லாரும் சொல்றாங்க.

கணக்குப் போட்டே பார்ப்போம். எல்லாத் தாக்குதலும் படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், பழைய புத்தக விதிகள். முதல் லெவலில் மாடிஃபையர் +3. கிரேட்ஸ்வேர்ட் (இரண்டு கையாலும் பிடிக்கும் பெரிய வாள்) 2டி6+3, சராசரி 10. இரண்டு ஷார்ட்ஸ்வேர்ட், ஸ்டைல் இல்லாமல்: 6.5 + 3.5, அதுவும் 10. ஸ்டைலோடு: 13. ஐந்தாம் லெவலில் ஃபைட்டருக்கு எக்ஸ்ட்ரா அட்டாக் (ஒரே செயலில் இரண்டு முறை தாக்கும் திறன்) வந்துவிடும், மாடிஃபையரும் +4 ஆகியிருக்கும். கிரேட்ஸ்வேர்ட் இரண்டு முறை, மொத்தம் 22. ஸ்டைலோடு கத்தி மூன்று முறை, 22.5. பதினொன்றாம் லெவலில் +5 வைத்துப் பாருங்கள்: கிரேட்ஸ்வேர்ட் மூன்று முறை 36, கத்தி நான்கு முறை 34.

ஆக, ஸ்டைல் இருந்தால் தொடக்கத்தில் இரண்டு கத்தி தெளிவாக முன்னால் நிற்கிறது, நடுவில் சமமாகிறது, மேலே போகப்போகப் பின்தங்குகிறது. காரணம் எளிது. எக்ஸ்ட்ரா அட்டாக் கூடக்கூட கிரேட்ஸ்வேர்டின் ஒவ்வொரு வீச்சும் பெருகும், இரண்டாவது கைக்கு மட்டும் எப்போதும் ஒரே ஒரு தாக்குதல்தான். கிரேட்ஸ்வேர்ட்காரரின் போனஸ் ஆக்‌ஷன் முழுதாக மிச்சம் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆனால் 'வீண்' என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. பெரும்பாலான மேசைகள் பத்தாம் லெவலைத் தொடுவதற்குள் கதை முடிந்துவிடும்.

ரோக்குக்குக் கணக்கே வேறு. ஸ்னீக் அட்டாக் என்ற ரோக்கின் கூடுதல் டேமேஜ் ஒரு டர்னில் ஒரு முறைதான், ஆனால் அந்த ஒரு முறை பட வேண்டுமே. ஒரு தாக்குதல் படும் வாய்ப்பு 65 விழுக்காடு என்றால், இரண்டில் ஒன்றாவது படும் வாய்ப்பு சுமார் 88 விழுக்காடு. அதற்காகவே இரண்டாவது கத்தியை வைத்துக்கொள்ளலாம்.

எறியறதுன்னா தூரத் தாக்குதல், அப்போ டெக்ஸ்டெரிட்டி தானே போடணும்?

இதுதான் நான் அதிகம் திருத்திய தவறு. கைச்சண்டை ஆயுதத்தை எறிந்தால், கைச்சண்டையில் அதற்கு எந்த மாடிஃபையரோ அதுவேதான் எறியும்போதும். ஹேண்ட்ஆக்ஸ், ஜாவலின், ஸ்பியர், லைட் ஹாமர் நான்குக்கும் ஸ்ட்ரெங்த். டேக்கரில் ஃபினெஸ் என்ற பண்பு இருப்பதால் ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி இரண்டில் எது நல்லதோ அதைப் போடலாம். வில்லோ கிராஸ்போவோ எடுத்தால்தான் டெக்ஸ்டெரிட்டி கட்டாயம்.

அதனால்தான் பார்பேரியன், பாலடின் போன்ற ஸ்ட்ரெங்த் ஆட்கள் முதுகில் நாலைந்து ஜாவலின் வைத்திருப்பது நல்லது. 30 அடிவரை தடையில்லை, 120 அடிவரை டிஸ்அட்வான்டேஜோடு (இரண்டு டி20 உருட்டிக் குறைந்ததை எடுத்துக்கொண்டு) எறியலாம்; பட்டியலில் இது 30/120 என்று இருக்கும். பறக்கும் எதிரி வந்தால் வில் தெரியாதவருக்கு அதுதான் கைகொடுக்கும்.

டார்ட்டும் டேக்கரும் ரெண்டும் 1டி4, ரெண்டும் 20/60. என்ன வித்தியாசம்?

பட்டியலில் டார்ட் (கையால் எறியும் சிறு ஊசியம்பு) தூர ஆயுதம், டேக்கர் கைச்சண்டை ஆயுதம். எறியும்போது டேக்கரால் செய்வது தூரத் தாக்குதல்தான், ஆனால் அதனால் டேக்கர் தூர ஆயுதம் ஆகிவிடாது. விதிப்புத்தகம் ஓரிடத்தில் தூர ஆயுதம் என்கிறது, இன்னோரிடத்தில் தூரத் தாக்குதல் என்கிறது. இரண்டும் ஒன்றல்ல என்பது மனதில் பதிந்துவிட்டால் இந்தப் பக்கத்தில் உள்ள பாதிக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

உதாரணம்: ஆர்ச்சரி ஸ்டைல் தூர ஆயுதத்தின் தாக்குதலுக்கு +2 தருகிறது. டார்ட்டுக்குக் கிடைக்கும், எறிந்த டேக்கருக்குக் கிடைக்காது. ஸ்னீக் அட்டாக்குக்கு ஃபினெஸ் ஆயுதம் அல்லது தூர ஆயுதம் வேண்டும். எறிந்த டேக்கர் ஃபினெஸ் வழியாக உள்ளே வரும், எறிந்த ஹேண்ட்ஆக்ஸுக்கு இரண்டு வழியும் அடைப்பு. எதிர்ப்பக்கம் பார்த்தால், டார்ட் லைட் அல்ல, ஆகவே இரண்டு கையிலும் டார்ட் வைத்துக்கொண்டு கூடுதல் தாக்குதல் கேட்க முடியாது.

ஒரு கையால வெட்டிட்டு இன்னொரு கையில இருக்கறதை எறியலாமா?

தாராளமாக. இரண்டு புத்தகமும் அனுமதிக்கின்றன. ஷார்ட்ஸ்வேர்டால் வெட்டிவிட்டுப் போனஸ் ஆக்‌ஷனில் டேக்கரை எறியலாம், அல்லது இரண்டு ஹேண்ட்ஆக்ஸையும் எறியலாம். இரண்டும் லைட்டாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை மாறாது.

ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். உங்களைப் பார்க்க முடிகிற, செயலிழக்காத எதிரி 5 அடிக்குள் நின்றால், யாரை நோக்கி எறிந்தாலும் டிஸ்அட்வான்டேஜ். வெட்டிய எதிரி பக்கத்திலேயே நிற்கும்போது தொலைவில் உள்ளவனை நோக்கி எறிவது மோசமான பேரம். வரிசையை மாற்றுங்கள்: தூரத்தில் நின்று முதலில் எறியுங்கள், அப்புறம் ஓடிப்போய் வெட்டுங்கள். நகர்வைத் தாக்குதல்களுக்கு இடையில் பிரித்துக்கொள்ளலாம் என்பதால் இது முழுக்கச் செல்லும்.

இடுப்புல பத்து கத்தி இருக்கு, ஒரு டர்ன்ல எத்தனை உருவலாம்?

பழைய புத்தகத்தில் ஒரு டர்னில் ஒரு பொருளை இலவசமாக எடுக்கலாம். அதாவது ஒரு கத்தி. முதல் டர்னில் கையில் இரண்டு கத்தி தயாராக இருந்தால் இரண்டையும் எறிந்துவிடுவீர்கள். அடுத்த டர்னில் ஒன்றைத்தான் உருவ முடியும், இரண்டாவது கை வெறுமையாக நிற்கும். எக்ஸ்ட்ரா அட்டாக் உள்ள ஃபைட்டருக்கு இது இன்னும் கொடுமை. எறிவதற்கென்றே உருவாக்கிய கதாபாத்திரம் இரண்டாவது ரவுண்டிலேயே (எல்லாரும் ஒரு முறை ஆடி முடித்தால் ஒரு ரவுண்டு) வாடிப்போவதைப் பார்க்க மனம் வராமல், பழைய புத்தகம் ஆடும் என் மேசையில் எறியும் ஆயுதத்தை எறியும்போதே உருவலாம் என்று விட்டுவிட்டேன். எந்தச் சண்டையும் அதனால் கெட்டுப்போனதில்லை.

வீட்டுவிதி வேண்டாம் என்றால் இரண்டு வழி உண்டு. டுயல் வீல்டர் ஃபீட் இருந்தால் ஒன்றுக்குப் பதில் இரண்டை உருவலாம். 2020-இல் வந்த டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் புத்தகத்தில் த்ரோன் வெப்பன் ஃபைட்டிங் என்ற ஸ்டைல் இருக்கிறது. அது தாக்குதலின் பகுதியாகவே ஆயுதத்தை உருவ அனுமதிப்பதோடு, எறிந்து பட்டால் டேமேஜில் 2 கூட்டியும் தருகிறது. 2024 புத்தகம் பிரச்சினையை வேரிலேயே தீர்த்துவிட்டது. த்ரோன் (எறியத்தக்கது) என்ற பண்பு உள்ள எந்த ஆயுதத்தையும் எறியும் தாக்குதலின் பகுதியாகவே உருவலாம், யாருக்கும் ஃபீட் தேவையில்லை.

புது புக்ல நிக் இருந்தா மூணு தாக்குதலா, நாலா?

நிக் என்பது புதிய புத்தகத்தில் ஆயுதங்களுக்குத் தந்திருக்கும் வெப்பன் மாஸ்டரி என்ற சிறப்புப் பண்புகளில் ஒன்று. டேக்கர், லைட் ஹாமர், சிக்கிள், சிமிட்டார் நான்குக்கும் அது உண்டு. அது செய்வது ஒன்றுதான்: முதல் பதிலில் சொன்ன கூடுதல் தாக்குதலைப் போனஸ் ஆக்‌ஷனில் செய்யாமல் அட்டாக் ஆக்‌ஷனுக்குள்ளேயே செய்துகொள்ளலாம். எண்ணிக்கை கூடாது, ஒரு டர்னில் ஒரு முறைதான். ஆனால் போனஸ் ஆக்‌ஷன் மிச்சமாகிறது, அதுதான் பொக்கிஷம். ரேஞ்சர் ஹன்டர்ஸ் மார்க்கும் போட்டு இரண்டு கையாலும் வெட்டலாம். ரோக் இரண்டு முறை தாக்கிவிட்டு ஒளியவும் செய்யலாம்.

எண்ணிக்கை கூடுவது புதிய டுயல் வீல்டர் ஃபீட் சேரும்போதுதான். லைட் ஆயுதத்தால் தாக்கியிருந்தால், இரண்டு கை தேவைப்படாத வேறொரு கைச்சண்டை ஆயுதத்தால் போனஸ் ஆக்‌ஷனில் தாக்க அது அனுமதிக்கிறது. நான்காம் லெவலில்: ஷார்ட்ஸ்வேர்ட் ஒன்று, நிக் வழியாக சிமிட்டார் ஒன்று, ஃபீட் வழியாகப் போனஸ் ஆக்‌ஷனில் ஒன்று, மொத்தம் மூன்று. ஐந்தாம் லெவலில் எக்ஸ்ட்ரா அட்டாக் சேர்ந்தால் நான்கு. ஆக, மூன்று என்றாலும் நான்கு என்றாலும் சரிதான், லெவல்தான் வேறு. நீங்கள் மாஸ்டரிக்குத் தேர்ந்தெடுத்த ஆயுத வகைக்கு மட்டும்தான் இது பொருந்தும் என்பதைக் கதாபாத்திரத் தாளில் சரிபாருங்கள்.

ஒரு கையில ஷீல்டு. இன்னொரு கையால ஒரு டேக்கர் எறிஞ்சு, இன்னொண்ணை உருவி மறுபடி எறியலாமா?

பழைய புத்தகத்தில் கண்டிப்பாக இல்லை, இரண்டாவது ஆயுதம் மறு கையில் இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. புதிய புத்தகத்தில் லைட் பண்பு 'வேறொரு லைட் ஆயுதம்' என்று மட்டும் சொல்கிறது, கையைப் பற்றிப் பேசவில்லை. எறியும்போதே உருவலாம் என்ற விதியும் சேர்வதால், எழுத்துப்படி படித்தால் முடியும்.

டி.எம்.களுக்குள் இதில் ஒருமித்த கருத்து கிடையாது. என் மேசையில் எறிவதற்கு அனுமதிக்கிறேன், ஏனென்றால் எறிந்த கை உடனே காலியாகிறது, அடுத்ததை உருவுவது கண்ணுக்கு இயல்பாகத் தெரிகிறது. ஷீல்டைப் பிடித்துக்கொண்டு ஒரே கையில் வாளை உறையிலிட்டு அடுத்ததை உருவி வெட்டுவதை அனுமதிப்பதில்லை. இது என் வீட்டுவிதி. உங்கள் டி.எம். வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதுதான் அங்கே விதி. ஆனால் கதாபாத்திரம் உருவாக்கும்போதே கேளுங்கள், சண்டை நடுவில் கேட்காதீர்கள்.

ரேஜ்ல இருக்கும்போது கோடாலியை எறிஞ்சா ரேஜ் டேமேஜ் சேருமா?

ரேஜ் என்பது பார்பேரியனின் ஆவேச நிலை, அதில் டேமேஜ் கூடும். 2014-இல் எறிந்தால் சேராது, ஸ்ட்ரெங்த் கொண்டு செய்யும் கைச்சண்டைத் தாக்குதலுக்குத்தான் அது. 2024-இல் சேரும், ஸ்ட்ரெங்த் கொண்டு செய்யும் எந்தத் தாக்குதலானாலும் போதும். ரெக்லெஸ் அட்டாக்கும் (பார்பேரியன் தற்காப்பை விட்டுவிட்டு மூர்க்கமாகத் தாக்கும் திறன்) அதேபோல மாறிவிட்டது.

ஸ்பியரை ரெண்டு கையால எறிஞ்சா 1டி8 கிடைக்குமா? லாங்ஸ்வேர்டை எறிஞ்சா?

ஸ்பியரின் 1டி8 இரண்டு கையால் பிடித்துக் கைச்சண்டை செய்யும்போது மட்டும். எறிந்தால் 1டி6. லாங்ஸ்வேர்டில் த்ரோன் இல்லை, எறிந்தால் அது கையில் கிடைத்ததை எறிவது போலத்தான்: 1டி4, 20/60 அடி.

எறிஞ்ச கத்தி என்ன ஆகும்? பாதி திரும்பக் கிடைக்கும்னு ஒரு விதி இருக்கே?

அந்தப் பாதிக் கணக்கு அம்புக்கும் கிராஸ்போ போல்ட்டுக்கும்தான். எறிந்த ஆயுதம் விழுந்த இடத்தில் கிடக்கும், போய் எடுத்துக்கொள்ளலாம். சண்டை நடுவில் எடுப்பது அந்த டர்னின் இலவசப் பொருள் எடுப்பில் போகும். பள்ளத்தாக்கிலோ கடலிலோ விழுந்தால் போனதுதான், ஆகவே மந்திர ஆயுதத்தை எறியும் முன் சுற்றிப் பாருங்கள்.

கைக்குத் திரும்பி வரும் ஆயுதம் வேண்டுமென்றால் ஆர்டிஃபிசர் (மந்திரப் பொருள் செய்யும் கதாபாத்திர வகை) நண்பரைப் பிடியுங்கள். அவருடைய ரிட்டர்னிங் வெப்பன் எறிந்ததும் கைக்கு வந்துவிடும். டுவார்வன் த்ரோயர் என்ற வார்ஹாமரும் அப்படித்தான், ஆனால் பழைய விதிகளில் அது குள்ளர் இனத்தாருக்கு மட்டும் கட்டுப்படும்.

ஓடற எதிரி மேல ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக்கா கத்தியை எறியலாமா?

முடியாது, அது கைச்சண்டைத் தாக்குதல் மட்டும். அவன் உங்கள் எட்டும் தூரத்தை விட்டு விலகும்போது கையில் உள்ள டேக்கரால் குத்தலாம். ரோக்குகள் இதைக் கவனிக்க வேண்டும்: ஸ்னீக் அட்டாக் ஒரு டர்னுக்கு ஒரு முறை, ஒரு ரவுண்டுக்கு அல்ல. உங்கள் டர்னில் ஒன்று செய்திருந்தாலும் எதிரியின் டர்னில் குத்தும்போது நிபந்தனை பொருந்தினால் மறுபடி கிடைக்கும். எல்லாக் கத்தியையும் எறிந்துவிட்டு வெறுங்கையோடு டர்னை முடிக்காதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

பழைய ஆட்கள் மைனஸ் ஆறு, மைனஸ் பத்துன்னு ஏதோ சொல்றாங்களே?

அது 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு. பயிற்சி இல்லாமல் இரண்டு கையால் தாக்கினால் முதல் கைக்கு -6, மறு கைக்கு -10. ஃபீட்டும் இலகு ஆயுதமும் சேர்ந்தால்தான் இரண்டுக்கும் -2 ஆகக் குறையும். அதற்கு முந்தைய அட்வான்ஸ்ட் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் காலத்தில் -2, -4. அந்த நாட்களில் டார்ட்டை ஒரு ரவுண்டுக்கு மூன்று எறியலாம் என்பதால் டார்ட் ஃபைட்டர் பயங்கரமான ஆளாக இருந்தார். ஐந்தாம் பதிப்பில் இந்தக் கழித்தல் எதுவும் இல்லை. அதற்குப் பதிலாகத்தான் போனஸ் ஆக்‌ஷனையும் டேமேஜ் மாடிஃபையரையும் எடுத்துக்கொள்கிறார்கள்.

வளரியைக் கொண்டுவரலாமா? எப்படி எழுதறது?

கேட்டாலே எனக்கு மகிழ்ச்சி. மருது சகோதரர்களின் சிவகங்கைச் சீமையோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்த வளைந்த எறியாயுதம் புத்தகப் பட்டியலில் இல்லை, ஆனால் புது விதி எழுத வேண்டியதும் இல்லை. ஜாவலினின் வரியை அப்படியே எடுத்து, மரத்தால் செய்தது என்றால் டேமேஜ் வகையைக் குத்துவதிலிருந்து மொத்துவதாக மாற்றுங்கள்: 1டி6, 30/120, ஸ்ட்ரெங்த். 2024 புத்தகத்தில் ஜாவலினுக்கு ஸ்லோ மாஸ்டரி இருக்கிறது, பட்டவரின் வேகம் எறிந்தவரின் அடுத்த டர்ன் தொடங்கும்வரை 10 அடி குறையும். ஓடுபவரின் காலை நோக்கி எறியும் ஆயுதத்துக்கு இது அப்படியே பொருந்துகிறது.

சிலர் அதை லைட் ஆக்கி இரண்டு கையிலும் கேட்கிறார்கள். அப்படியானால் ஹேண்ட்ஆக்ஸ் வரியை எடுங்கள், தூரம் 20/60 ஆகக் குறையும். ஜாவலினின் தூரமும் ஹேண்ட்ஆக்ஸின் லைட்டும் ஒரே ஆயுதத்தில் சேர்த்துத் தர மாட்டேன். எறிந்ததும் கைக்குத் திரும்புமா என்றும் கேட்பார்கள். இலக்கில் பட்ட வளரி அங்கேயே விழும், சண்டை முடிந்ததும் போய் எடுத்துக்கொள்ளுங்கள்.